புல்பரணில் ஓர் அடுப்பு

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி மாதத்தில் அளவெடுக்கப் போகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கூரையைப் பார்த்தால் போதும். பனி மூடிய கூரையில் எந்த இடத்தில் பலகை கறுப்பாகத் தெரிகிறதோ அந்த இடத்துக்கு அடியில் ஓர் அடுப்பு எரிகிறது. வீட்டுக்காரர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாலும் பனி காட்டிக்கொடுத்துவிடும்.

பர்டியின் லாயம் ரயில் பாதைக்கு வடக்கே இருந்தது. வாடகைக் குதிரைகள், வண்டிகள். முழுக்க மரம். கீழே குதிரைகள், மேலே காய்ந்த புல்லை அடுக்கும் புல்பரண். நான் எதிர்ப்பக்கம் நின்று அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கூரையின் கிழக்கு மூலையில், ஒரு போர்வை அகலத்துக்குப் பனி இல்லை.

நான் வரைவது தீக்காப்பீட்டு வரைபடம். நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்து தாளில் இறக்க வேண்டும். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். லாயத்துக்கு மூலைக்கு மூலை குறுக்குக் கோடு. அடுப்பு எங்கே, புகை எதன் வழியாகப் போகிறது, பக்கத்துக் கட்டடம் எவ்வளவு தள்ளி, தீயணைப்புக் குழாய் எந்த முனையில். காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தத் தாளை மேசையில் விரித்துவைத்துத்தான் யாருக்குக் காப்பீடு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வார்கள். ஊரை நேரில் பார்க்க வேண்டியதில்லை. கட்டடம் மாறினால் தாளைப் புதிதாக வரைவதில்லை. மாறிய இடத்தின் அளவுக்கு ஒரு துண்டு வரைந்து பழையதன் மேல் ஒட்டிவிடுவோம். அடிக்கடி மாறும் தெருக்கள் தாளில் அட்டை போலத் தடித்திருக்கும்.

மனிதர்களை வரைவதில்லை.

அக்டோபரில் நகரின் நடுவே பெரிய தீ. தண்ணீர் போதாமல் ஆற்று நீரைக் குழாய்களில் ஏற்றினார்கள். தீ அணைந்தது. நகரம் அதே குழாய்களில் தண்ணீர் பிடித்துக் குடித்தது. என் மனைவி நெட்டிக்கு டைஃபாய்டு வந்தது. முதல் பனி விழுவதற்குள் போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

பர்டி லாயத்தின் வாசலில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்.

"வாய்யா காலேஜு. எல்லாத்தையும் அளந்தாச்சா? என்னையும் அளந்துக்கோ, சவப்பெட்டிக்கு ஆவும்."

"மேல யாரு இருக்காங்க?"

"புல்லு."

"புல்லுக்கு எதுக்கு அடுப்பு?"

பர்டி சிரித்தார். "அடுப்பா? குதிரை மூச்சுய்யா அது. இத்தனை குதிரை ஒண்ணா மூச்சு விட்டா பனி உருகாதா?"

"குதிரையெல்லாம் மேற்குப் பக்கம் கட்டியிருக்கு. உருகியிருக்கிறது கிழக்கு மூலை."

"இதைத்தான் காலேஜுல சொல்லித் தர்றானுங்களா?" அவர் உள்ளே திரும்பிக் குதிரைகளைப் பார்த்துச் சொன்னார். "பொண்டாட்டி செத்தா மனுஷன் ஒரு மூலைல உக்காந்து குடிப்பான். இவன் என் கூரைல பனி எங்க இல்லன்னு பாத்துக்கிட்டு நிக்கிறான்."

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று தெரிந்தது. ஏணி எங்கே என்று கேட்டேன்.

பரணின் கிழக்கு மூலையைப் பலகை வைத்து மறைத்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். பாவாடையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருந்தாள். பாவாடைக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்பு அடுப்பு. அதிலிருந்து தகரக் குழாய் நேராக மேலே போய்க் கூரையைத் துளைத்து வெளியேறியது. அடுப்புக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று பீட்ரூட் சூப்பை டப்பாவிலிருந்து நேராகக் குடித்துக்கொண்டிருந்தது. உத்தரத்தில் ஓட்ஸ் சாக்கைத் தூளியாகக் கட்டியிருந்தார்கள். சாக்கு அசைந்தது.

அவள் பெயர் பராஸ்கா. கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்து கப்பலேறி வந்தவள். ஆங்கிலத்தை லாயத்திலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்க பானே," என்றாள். அவர்கள் பேச்சில் பான், பானே என்றால் ஐயா.

"ஒரு பொறி பறந்தா போதும். இறங்கக்கூட நேரம் இருக்காது."

"காத்தடிக்கிற அன்னிக்கு நான் தூங்கறதே இல்ல. ஈரச் சாக்கு வச்சிருக்கேன், பாருங்க." காட்டினாள். சாக்கு விறைத்துப் பலகை போல நின்றது.

"உன் புருஷன் எங்க?"

"காட்டுல. மரம் வெட்டறான். ஆத்துல ஐஸ் உடைஞ்சதும் வந்துருவான், நாங்க எங்க நிலத்துக்குப் போயிருவோம். ஐஸ் உடையற வரைக்கும்தான், பானே." தூளியைத் தொட்டாள். "அது வரைக்கும் இவன் சூடா இருக்கணும். போன குளிர்ல ஒண்ணு போயிருச்சு. இவனும் போயிட்டா அவன் மூஞ்சில நான் முழிக்க முடியாது."

நான் பலகையை ஒட்டி மண்டியிட்டுத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"நான் எழுதினா உனக்கு நல்லதுதான். கம்பெனிலேருந்து நோட்டீஸ் வரும். செங்கல்ல புகைபோக்கி கட்டணும், அடுப்பைச் சுத்தித் தகரம் அடிக்கணும்னு சொல்லுவாங்க. அவர் கட்டித்தான் ஆகணும்."

பொய் சொல்லவில்லை. அடுத்த தெரு ரொட்டிக்கடையில் அப்படித்தான் நடந்தது. தையற்கடையிலும். நான் தாளில் ஆபத்து என்று குறித்த ஒவ்வோர் இடத்திலும் பிறகு யாரோ வந்து செங்கல் வைத்திருந்தார்கள். நான் திரும்பப் போய் இளஞ்சிவப்பு பூசியிருந்தேன்.

பராஸ்கா சிரித்தாள். அம்மா சிரித்ததால் பெண்ணும் சிரித்தது.

"பர்டி பான் கட்டுவாரா? அந்த ஏணில ரெண்டு படி ஆடுது. அதுக்கு ஒரு ஆணி அடிக்க மாட்டேங்குறாரு. எனக்குச் செங்கல் கட்டுவாராம்!"

"கட்டலன்னா அவருக்குக் காப்பீடு போயிரும்."

"அப்ப எங்களைத்தான் வெளிய போடுவாரு."

"மாட்டாரு. நான் பேசறேன்."

வரைந்தேன். மூலையில் சிறிய வட்டம், பக்கத்தில் 'அடுப்பு, தகரக் குழாய், புல்'. அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுவா எங்க அடுப்பு?"

"ஆமா."

"ஈ உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள். பாவாடையை விட்டுவிட்டாள். இனி மறைக்க எதுவும் இல்லை.

கீழே பர்டி புட்டியோடு காத்திருந்தார்.

"ஒரு மடக்கு குடி. குடிச்சிட்டு அந்த மூலையை அழிச்சிரு."

"உள்ளதைத்தான் எழுத முடியும்."

"உள்ளது! பாதிரி கூட என்கிட்ட இப்படிப் பேசினது இல்ல." புட்டியை மூடினார். "சரி. நீ உன் வேலையைப் பாத்துட்ட. நான் என் வேலையைப் பாத்துக்கறேன்."

"அந்தப் பொண்ணை வெளிய அனுப்பக் கூடாது. இந்தக் குளிர்ல எங்க போவா?"

"யாருய்யா அனுப்பறா? அவ போயிட்டா சாணியை யாரு அள்ளுவா, நீயா? ஆம்பளைய வச்சா கூலி கேப்பான். அவ தங்கறதுக்குத்தான் வேலை செய்யறா. இங்கதான் இருப்பா. நீ நிம்மதியா போ."

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. போனேன்.

காப்பீட்டு முகவர் ஆக்டனுக்கு என் தாள் மிகவும் பிடித்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி அந்த வட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"நல்ல கண்ணுப்பா உனக்கு. இந்த ஒரு அடுப்பு போதும், வடக்குப் பக்கம் முழுக்கக் கொளுத்திரும். நோட்டீஸ் அனுப்பியாச்சு."

"புகைபோக்கி கட்டச் சொல்லியிருக்கீங்கல்ல?"

"ஆபத்தை நீக்கச் சொல்லியிருக்கோம். எப்படி நீக்கறான்ங்கறது அவன் பாடு."

நான் கேட்டிருக்கலாம். மேசையில் அடுத்த தாள் இருந்தது.

பிப்ரவரியில் குளிர் இறுகியது. தெருவில் எச்சில் துப்பினால் தரையில் சத்தம் கேட்டது. நடக்கிற குதிரைகளின் மூக்கில் வண்டிக்காரர்கள் கையால் பனிக்கட்டியை உடைத்துவிட்டார்கள். பர்டி சரிசெய்துவிட்டதாகக் கடிதம் வந்தது, போய்ப் பார்த்துத் துண்டு ஒட்டு என்றார் ஆக்டன்.

கூரையைப் பார்த்தேன். கிழக்கு மூலையும் வெள்ளையாக இருந்தது. செங்கல் புகைபோக்கியைத் தேடினேன். புதிதாக ஒன்றும் எழும்பவில்லை.

பர்டி தன் அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் அந்தச் சின்ன இரும்பு அடுப்பு. குழாயை வளைத்து, முன்பு லாடம் அடித்த பழைய கொல்லுலையின் செங்கல் புகைபோக்கியில் செருகியிருந்தார்.

"எழுதிக்கோ காலேஜு. நீ ஆசைப்பட்ட செங்கல். உன் சிவப்பு மையை நல்லா தடவு."

"மேல இருந்தவங்க?"

"கீழ வந்துட்டாங்க, குதிரைங்களோட. நல்ல கதகதப்பு. என் பொண்டாட்டி பக்கத்துல படுக்கறதை விட மேல்." தானே சிரித்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். பராஸ்கா சாணியை வாரிக்கொண்டிருந்தாள். சாணி உறைந்திருந்ததால் வாரியால் குத்திக் குத்தி உடைத்தாள். இரண்டு குதிரைகளுக்கு நடுவே, சாக்குக் குவியலில் பெண் உட்கார்ந்திருந்தது. ஒரு குதிரை காலை மாற்றி வைத்தபோது அது தன் காலைச் சட்டென்று மடக்கிக்கொண்டது. பழகியிருந்தது.

"பையன்?" என்றேன்.

பராஸ்கா வாரியை நிறுத்தி அதன் முனையால் மேலே காட்டினாள்.

"பரண்லதான். பெட்டில. மண்ணு கல்லா கெடக்கு, ஐஸ் உடைஞ்சாதான் தோண்ட முடியும்னு பாதிரி சொல்லிட்டாரு. கீழ வச்சா குதிரைச் சூட்டுக்குக் கெட்டுரும்னு பர்டி பான் மேலயே வைக்கச் சொன்னாரு."

"அதுக்கு நான் வாடகை கேக்கல, அதையும் எழுதிக்கோ," என்று பர்டி அறையிலிருந்து கத்தினார்.

நான் தொப்பியைக் கழற்றினேன். காது வலித்ததும் மறுபடி போட்டுக்கொண்டேன்.

"எழுதுங்க பானே," என்றாள் அவள்.

"என்ன எழுதறது?"

"அடுப்பு. அன்னிக்கு எழுதினீங்களே, அந்த ஈ. நீங்க எழுதினதும் அவரு பயந்துட்டாரு. ராத்திரியே ஆள் கூட்டியாந்து பேத்து எடுத்தாரு. நெருப்பு அப்படியே உள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்ப எழுதினா பயந்து திரும்ப வச்சிருவாரு. இவளுக்கு இருமல் வந்திருச்சு, பானே. இவ ஒருத்திதான் மிச்சம்."

"இல்லாத அடுப்பை எழுத முடியாது."

"அன்னிக்கு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அன்னிக்கு எழுதாதீங்கன்னேன், எழுதினீங்க. இன்னிக்கு எழுதுங்கன்னா முடியாதுங்கறீங்க. எடுக்கறதுக்கு மட்டும்தான் உங்க எழுத்தா?"

"பதில் சொல்லுய்யா காலேஜு!" பர்டி குரலில் மகிழ்ச்சி இருந்தது. "சாணி அள்ளறவ கேக்கறா!"

ஏணியில் ஏறினேன். அந்த இரண்டு படிகள் இன்னும் ஆடின. பலகைத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். அடுப்பு நின்ற இடம் வரை புல் பரப்பியிருந்தது. கூரைத் துளையைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். நன்றாக அடைத்திருந்தார்கள், அதற்கு ஆணி கிடைத்திருந்தது. தகரத்துக்கு நேர் கீழே சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்று, மேலே ஓட்ஸ் சாக்கை மடித்துப் போட்டிருந்தது. அதை நான் தொடவில்லை. மூலையிலிருந்து சுவர் வரை அளந்தேன். முன்பு இருந்த அளவுதான்.

இறங்கி வந்தபோது பராஸ்கா ஏணியின் அடியில் நின்றாள். பெண்ணையும் எழுப்பிக் கூட்டி வந்திருந்தாள். அதன் முகத்தைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"உங்க வீட்ல அடுப்பு இருக்கா, பானே?"

"இருக்கு."

"யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

அவள் காத்திருந்தாள். பெண் இருமியது. இருமல் நின்றபோது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றது. யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நெட்டியின் அறையில் கட்டில் இருந்தது. மெத்தையை எரித்துவிட்டேன், கட்டில் இருந்தது. அந்த அறையில் வேறொரு குழந்தை இருமுவதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

என் கருவிப் பெட்டியை மூடினேன். அளவு நாடாவைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க," என்றாள் பராஸ்கா. வாரியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்து துண்டு வரைந்தேன். பரண் முழுவதும் மஞ்சள். உள்ளே 'புல்' என்று மட்டும். பர்டியின் அறையில் ஒரு வட்டம், 'செங்கல் புகைபோக்கி'. கோடுகள் நேராக வந்தன. துண்டை வெட்டிப் பின்பக்கம் பசை தடவிப் பழையதன் மேல் வைத்து, ஓரங்களை நகத்தால் அழுத்தினேன். இந்தக் குளிரில் பசை காய அடுத்த நாள் ஆகிவிடும், அதற்குள் ஓரம் சுருண்டு எழும்பும். அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை போட்டேன். தாளைப் பக்கத்தில் நாற்காலி மேல் சாய்த்து வைத்தேன். சீக்கிரம் காய்ந்துவிட்டது.