நிலைக்காலில் ஒரு பள்ளம்

ஜோலான் கோழிச்சாற்றை மேசையில் வைக்கும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், எதிர்வீட்டு ஹெர்மினா. வதைமுகாமில் மழித்த தலையில் முடி இப்போதுதான் விரலளவு வளர்ந்திருந்தது.

"அடி ஆத்தே, நீ உசுரோடவா இருக்க?"

போர் முடிந்து எங்கள் ஊருக்குத் திரும்பிய யூதர்கள் எல்லோரிடமும் கேட்ட கேள்விதான். சந்தோஷமாகக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நானும் தங்கச்சி எட்டெலும் இருக்கோம்க்கா. அவளுக்கு நெஞ்சுல சளி, ராத்திரியெல்லாம் இருமுறா. வீட்டுல ஒரு கதவில்ல, வாசல்ல சாக்கு கட்டியிருக்கேன். பனி விழறதுக்குள்ள இந்தக் கதவ மட்டும் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க."

மற்றதெல்லாம் என்றால் சுவர்க் கடிகாரம், இறகு மெத்தை, சாற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்த அந்தப் பாத்திரம். ஹெர்மினா எல்லாவற்றையும் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை.

ஜோலானின் கணவன் கெர்கெய் எழுந்திருக்கக்கூட இல்லை.

"எந்தக் கதவு? இது சர்க்கார் ஏலத்துல எடுத்தது."

"எங்க வீட்டுக் கதவுண்ணே. நிலையோட பேத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

"அதுல உங்கப்பன் பேரு எழுதியிருக்கா?"

பெயர் இல்லை. ஆனால் வலது நிலைக்காலில், தோள் உயரத்தில், சாய்வாக ஒரு பள்ளம் இருந்தது. வேதவரிகள் எழுதிய சுருளைச் சின்னத் தகரக்கூட்டில் வைத்து யூதர்கள் வாசலில் அறைவார்கள். போகையிலும் வருகையிலும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். ஹெர்மினாவின் அப்பா நிலைக்கு வண்ணம் அடிக்கும்போது கூட்டைக் கழற்றமாட்டார், சுற்றித்தான் அடிப்பார். வருஷக்கணக்கில் வண்ணம் ஏறி, கூட்டின் இடம் மட்டும் குழிந்துபோனது. கெர்கெய் கூட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பச்சை அடித்தான். பள்ளம் பச்சையாகத் தெரிந்தது.

ஹெர்மினா போலீஸ்காரரை அழைத்து வந்து காட்டினாள். அவர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"மரம்னா பள்ளம் மேடு இருக்கத்தாம்மா செய்யும். போனவங்கள விட வந்தவங்க ஜாஸ்தி போலிருக்கே!"

தெருவே சிரித்தது. அந்த வீட்டிலிருந்து போனது ஆறு பேர், வந்தது இரண்டு பேர்.

மறுநாள் காலை ஹெர்மினா தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள். நேராக ஜோலான் வீட்டு வாசலுக்குப் போய், பள்ளத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு கிணற்றடிக்குப் போனாள். திரும்பும்போதும் அப்படியே.

"என்னடி பண்ற எங்க வாசல்ல?" என்று ஜோலான் கத்தினாள்.

"வீட்ட விட்டுக் கிளம்பறேன்க்கா. எங்க வாசல் இங்கதான இருக்கு."

தினமும் நடந்தது. கெர்கெய் சுண்ணாம்புக் காரை அப்பிப் பள்ளத்தை மூடினான். அவள் மூடிய இடத்தைத் தொட்டாள். நாயை அவிழ்த்துவிட்டான்; அவளை முன்பே தெரிந்த நாய், அவள் கையை நக்கியது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுத் தலை குனிந்து நடந்தார்கள். ஒருவராவது கெர்கெயிடம், கதவைக் கொடுத்துவிடு என்று சொல்லவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் ஜோலான் முன்வாசல் பக்கம் வருவதை நிறுத்தினாள். பன்றிக்கொட்டிலைச் சுற்றிப் பின்வழியாகப் போய் வந்தாள். பிறகு கெர்கெயும் அப்படியே.

அந்தக் குளிர்காலம் முழுக்க, நல்ல கதவு யாருக்கும் உதவாமல் பூட்டிக் கிடந்தது. எதிரே சாக்குக்குப் பின்னால் எட்டெல் இருமிக்கொண்டிருந்தாள்.