விழுந்த கழுதையை நேரில் காட்டவும்

அந்தப் படத்தில் கழுதை மலையிலிருந்து விழும் காட்சி, ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதற்காக ஒருவன் மாதக்கணக்கில் முடி வளர்த்தான். தன் தலையில் அல்ல. அங்கே வளர்வதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. கழுதையின் உடம்பில்.

கிராஃபிக்ஸ் கம்பெனியில் விலங்குகளுக்கு ரோமம் போடுவதுதான் அவன் வேலை. காது மடலுக்குள் இருக்கும் மெல்லிய முடி, வயிற்றடியில் சேறு பட்டு ஒட்டிக்கொண்ட முடி, சுமை உரசி உரசித் தேய்ந்துபோன முதுகு, எல்லாமே கம்ப்யூட்டரில் அவன் பார்த்துப் பார்த்துச் செய்தவை. “இது முடியுமா?” என்று யார் கேட்டாலும், “முடிதானே சார் என் வேலை” என்பான். இந்த ஒரே ஜோக்கை விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் முடிக்காரன் என்ற பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

அவன் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, ஆனால் மாடியில். கீழே கம்ப்யூட்டர் அறை எப்போதும் இருட்டாக, உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டர் தேடும் அளவுக்குக் குளிராக இருக்கும். மாடியில் ஜன்னலோரம், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் தாளுக்கு மேல் தாள் வைத்து, கையால் வரைந்து ஓடவிடும் படங்களைச் செய்வார்கள். முடிக்காரனின் மனைவி என்று சொல்வதற்குப் பதிலாக அவளை மாடிக்காரி என்றார்கள். அதே படத்தில் ஒரு சிறுவனின் கனவில் அதே கழுதை வரும். அந்தக் கனவு அவளுடையது. கரிக்கோட்டில் வரைந்த கழுதை, சிறுவனை முதுகில் ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நொண்டி நொண்டிப் போகும், கனவு கலையும்.

வீட்டில் இருவருக்கும் வேலைப் பேச்சு கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் அவளுடைய படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் போய் ஏன் இப்படிக் கை வலிக்கணும்?” என்று கேட்டான். அன்பாகத்தான் கேட்டான். அவள் தாள்களை அவன் கையிலிருந்து வாங்கி அடுக்கி வைத்தாள். அன்றிலிருந்து மளிகை, வாடகை, மாமியாரின் முழங்கால் என்று எதைப் பற்றியும் பேசினார்கள்; கழுதை என்ற சொல் மட்டும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. திட்டுவதற்குக்கூட.

படம் தயாராகிவிட்டது. வெளியிடுவதற்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட விலங்கு நல அதிகாரி வந்தார்.

அதிகாரி மெலிந்த மனிதர். குடிக்க ஒன்றும் வேண்டாம் என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படம் பார்த்தார். கழுதை கால் இடறி, உப்பு மூட்டை கழன்று, பாறைகளில் மோதிப் புரண்டு பள்ளத்தில் விழுந்ததும் எழுந்து நின்று விளக்கைப் போடச் சொன்னார்.

“கழுதை எங்க?”

இயக்குநர் சிரித்தார். “கம்ப்யூட்டர்ல செஞ்சது சார். அப்படி ஒரு கழுதையே கிடையாது.”

“இப்ப கிடையாது, அது தெரியுது. விழறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?”

“எப்பவுமே கிடையாது சார். எல்லாம் கிராஃபிக்ஸ்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. போன தடவை ஒரு இடத்துல மலைப்பாம்பு கிராஃபிக்ஸ்னாங்க. தயாரிப்பாளரோட கார் டிக்கியைத் திறந்தேன். கிராஃபிக்ஸ் என்னைப் பார்த்துச் சீறுது.”

முடிக்காரனைக் கூப்பிட்டனுப்பினார்கள். தன் கழுதையை ஒருவர் உயிருள்ளது என்றே நம்பிவிட்டார் என்று கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரியை மரியாதையாகக் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போய், தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தான்.

“இதை நிரூபிக்கிறது ரொம்ப சுலபம் சார். இதோ, முழுக் கழுதை. இப்ப ரோமத்தை மட்டும் எடுக்கறேன்.”

ஒரு தட்டுத் தட்டினான். திரையில் மொழுமொழுவென்று ஒரு கழுதை நின்று கண் சிமிட்டியது. அதிகாரி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப தோலை உரிக்கறேன்.”

“எதுக்கு?”

“உள்ள சதை இருக்கு சார். காலை ஊன்றப்போ எப்படி இறுகுது பாருங்க! யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க. அதையும் எடுத்துட்டா எலும்பு.”

எலும்புக்கூடு ஒன்று திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்து போனது. கண்கள் இரண்டும் மண்டையோட்டுக்குள் மிதந்தபடி இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அதிகாரி வேண்டாம் என்ற தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “இதையெல்லாம் செய்யும்போது அது உயிரோட இருந்துச்சா?”

கழுதையை நேரில் காட்டாமல் கையெழுத்து கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தயாரிப்பு மேலாளர் எந்தச் சிக்கலையும் வாடகைக்கு எடுத்துத் தீர்ப்பவர். மறுநாள் காலை, வரவேற்பறையில் நிஜக் கழுதை ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கழுதை அங்கிருந்த அலங்காரச் செடியை ஒரு வாய் கடித்துப் பார்த்துத் துப்பியது. அந்தக் கட்டடத்தில் எது போலி என்று உடனே கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

அதிகாரி வந்து அதைச் சுற்றி வந்தார்.

“பாருங்க சார், எவ்வளவு திடமா இருக்கு,” என்றார் மேலாளர். “பள்ளத்துல விழுந்ததுக்கு அப்புறம் இன்னும் நல்லா சாப்பிடுது.”

“யோவ், விழவே இல்லைன்னு சொல்லுய்யா,” என்று இயக்குநர் அவர் காதில் சீறினார்.

அதிகாரி நிமிர்ந்தார். “இது வேற கழுதை. அதுக்கு இடது காது நுனியில ஒரு வெட்டு இருந்துச்சு.”

முடிக்காரனின் முகம் மலர்ந்துவிட்டது. “அதைக் கவனிச்சீங்களா சார்? இங்க இருக்கறவங்க ஒருத்தர்கூட கவனிக்கல.”

“வெட்டினது யாரு?”

“நான்தான் சார்! முதல்ல சின்னதா வெட்டினேன். கேமராவுல தெரியல. அப்புறம் ஆழமா வெட்டினேன்.”

மேலாளர் நிலைமையைச் சமாளிக்கச் சொந்தக்காரரின் பக்கம் குனிந்து, இந்தக் காதிலும் கொஞ்சம், லேசாக, வலிக்காமல், என்று ஏதோ கேட்டார். சொந்தக்காரர் எழுந்தார்.

“உன் காதைக் கொடு. லேசா, வலிக்காம நான் வெட்டித் தரேன்.”

அவர் கழுதையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக் கதவைத் தாண்டும்போது அது ஒருமுறை பலமாகக் கத்தியது. அதிகாரி தலையசைத்தார், சாட்சி சொல்லிவிட்டது என்பதுபோல.

இயக்குநர் முடிக்காரனின் தோள்களைப் பிடித்தார். “இதோ பாரு. கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னா எங்கயாவது ஒரு தப்பு இருக்கும். அதைக் காட்டு. ஒரே ஒரு தப்பு. படம் தப்பிச்சிடும்.”

முடிக்காரன் உண்மையாகவே யோசித்தான். கண்ணை மூடிக் குளம்பிலிருந்து காதுவரை மனதால் தடவிப் பார்த்தான்.

“இல்ல சார்.”

“நல்லா யோசிய்யா.”

“யோசிச்சுட்டேன் சார். இல்ல.”

“அவரே சொல்லிட்டாரு,” என்றார் அதிகாரி.

கழுதை கத்தின சத்தம் கேட்டு மாடியிலிருந்து சிலர் இறங்கி வந்திருந்தார்கள். அவர்களில் மாடிக்காரியும் இருந்தாள். கரி படிந்த விரல்களைத் துணியில் துடைத்தபடி, “நான் காட்டறேன்” என்றாள்.

எல்லோரும் கம்ப்யூட்டர் அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் திரைக்கு அருகே போனாள்.

“மெதுவா ஓடவிடுங்க. இங்க நிறுத்துங்க. பின்னங்கால் குளம்பு கல்லைத் தொடவே இல்ல. ஒரு நூல் அந்தரத்துல நிக்குது.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“அது அந்தக் கோணத்துல அப்படித்...” என்று முடிக்காரன் தொடங்கினான்.

“இப்ப மேகம் சூரியனை மூடுது. மலையில வெயில் குறையுது. கழுதைமேல குறையல. அது தனி வெயில்ல நிக்குது. அடுத்து, மூட்டை கழண்டு விழுது பாருங்க. அவ்வளவு பாரம் இறங்கினா முதுகு கொஞ்சமாவது நிமிர வேணாமா? பாரம் இருந்ததே அதுக்குத் தெரியல.”

“அது கீழ விழற அவசரத்துல...”

“அவசரமா? பாறை மூக்குக்கு நேரா வருது, அப்பவும் நிதானமா கண் சிமிட்டுது. அதுக்குப் பயமே இல்லீங்க. அடுத்து எங்க மோதணும்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.”

முடிக்காரன் திரையைப் பார்த்தான். ஒருமுறை பார்த்துவிட்டபிறகு அவனால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

“உனக்கு இதெல்லாம் எப்பலேருந்து தெரியும்?”

“டீ குடிக்கக் கீழ வரப்போ எல்லாம் பார்ப்பேன்.”

“சொல்லலையே?”

“நீ கேக்கலையே.”

வீட்டில் நீ, ஆபீஸில் நீங்க என்பது அவள் வழக்கம். அத்தனை பேர் முன்னால் மாற்றிச் சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

அதிகாரியின் முகம் தெளிந்தது. முடிக்காரனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “கவலைப்படாதீங்க தம்பி. சுத்தமான போலி. ஒரு சந்தேகமும் இல்ல.” முடிக்காரனுக்கு அதற்கு நன்றி சொல்வதா அழுவதா என்று தெரியவில்லை. சாவு வீட்டில் கை கொடுக்க வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். இயக்குநர் மூச்சு விட்டார். பேனா தாளைத் தொடும் முன் நின்றது.

“கனவுல ஒரு கழுதை வந்துச்சே. அது?”

“அது வரைஞ்சது சார்! கரித்துண்டு, பேப்பர். குழந்தைக்கே தெரியுமே,” என்றார் இயக்குநர்.

“எனக்கும் தெரியுது. அது பனிக்குள்ள போச்சு. அப்புறம்?”

“அப்புறம் பையன் முழிச்சுக்கறான் சார்,” என்றாள் மாடிக்காரி.

“பையன் முழிச்சுக்கிட்டான். கழுதை?”

இயக்குநர் மாடிக்காரியைப் பார்த்தார்.

“சார், அது வெறும் கோடு,” என்றாள் அவள்.

“கோடுன்னு தெரியுதும்மா. கோட்டைப் பத்தி நான் ஏன் கேக்கப்போறேன்? அது கால் வலியோட நடக்குது. முதுகுல ஒரு பிள்ளை வேற. அதைக் குளிர்ல விட்டுட்டு நீங்க எல்லாம் வீட்டுக்கு வந்துட்டீங்க. அது சாப்பிட்டுச்சா?”

மாடிக்காரிக்கு முகம் சிவந்தது. அந்த நொண்டலை அவள் அழகுக்காகச் சேர்த்திருந்தாள். தீனியைப் பற்றி நினைக்கவே இல்லை.

“அது வயிறார தின்னறதைப் பார்த்தாத்தான் கையெழுத்து,” என்று சொல்லி அதிகாரி பேனாவை மூடினார்.

அன்று வீட்டில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பாதிச் சாப்பாட்டில் முடிக்காரன் தலை நிமிராமல் கேட்டான்.

“உன் கழுதைக்கு எந்தக் கால் நொண்டுது?”

“இடது முன்னங்கால்.”

“நடுவுல வலது ஆயிடுது.”

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். “எங்க?”

“பனிக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பையனோட கால் மறைக்குதே, அங்க. அந்தப் பக்கம் வெளிய வரப்போ கால் மாறியிருக்கு.”

“எப்ப பார்த்த?”

“வீட்டுச் சாவி வாங்க மாடிக்கு வரப்போ எல்லாம் பார்ப்பேன்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“ஒரு தடவை வாயைத் திறந்ததுக்கே இத்தனை வருஷம் தண்டனை!”

“எனக்குக் கை வலிக்குதுன்னு நான் உன்கிட்ட வந்து சொன்னேனா?”

“வலிக்கலையா அப்ப?”

“வலிக்குதுதான்! அது என் கை!”

சோறு ஆறிப்போகும்வரை சண்டை போட்டார்கள். குளம்பு, வால், வெயில், நிழல் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அவர் தட்டியது இவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவள் நொண்டும் காலைத் திருத்துவது என்றும், கழுதை தின்பதை அவன் அவளுக்குக் காட்டித் தருவது என்றும் முடிவானது.

ஏனென்றால் கழுதை எப்படி மெல்லும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தாடைச் சதையை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது அத்துப்படி. மறுநாள் மாடியில், ஜன்னலுக்குக் கீழே, முடிக்காரன் நாலு காலில் நின்று தரையில் வைத்த முட்டைக்கோஸை இலை இலையாகக் கடித்தான்.

“தாடை இப்படிப் பக்கவாட்டுல போகணும். பார்த்தியா? மேல கீழ போனா அது மனுஷன்.”

“பேசாம மெல்லு.”

அவள் வேகமாக வரைந்துகொண்டிருந்தபோது அதிகாரி வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். ஒருவர் மண்டியிட்டுக் கோஸ் தின்பதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அருகில் வந்து, இலை வாடாமல் இருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்தார்.

தாள்கள் படமாகி ஓடின. பனி விலகியது. கழுதை புல்வெளியில் நின்று, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தின்றது.

“தண்ணி?” என்றார் அதிகாரி.

அவள் ஒரு தொட்டி வரைந்தாள்.

“வெயில்ல நிக்குதே.”

ஒரு மரம் வரைந்தாள். கழுதை நிழலில் போய்ப் படுத்தது. காதை ஒருமுறை ஆட்டியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

இவ்வளவு பாடுபட்டதை வீணாக்க இயக்குநருக்கு மனம் வரவில்லை. பெயர்கள் ஓடும் நேரத்தில் அதைப் போட்டார். பெயர்கள் வந்ததும் எழுந்து போகும் ஜனங்கள், கழுதை தின்று முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். துடைப்பத்தோடு காத்திருந்த தியேட்டர் ஊழியர்களும் நின்று பார்த்தார்கள். நல்ல நடிப்பு என்று யாரோ சொன்னார்கள்.

விழும் காட்சியைப் பற்றி ஒரு பத்திரிகை மட்டும் கொதித்தெழுந்தது. வாயில்லா ஜீவனை உருட்டிவிட்ட இந்தப் பாவிகள் நல்லாயிருப்பார்களா என்று கேட்டது. முடிக்காரன் அதை வெட்டியெடுத்துச் சமையலறையில் ஒட்டி வைத்தான்.

“இதை எழுதின ஆளுக்குக் கண்ணாடி மாத்தணும்,” என்றாள் மாடிக்காரி. ஆனால் கிழிக்கவில்லை.

அடுத்த படத்தில் ஒட்டகம். முதல் சோதனைக் காட்சி தயாரானதும் அவன் மாடிக்குப் போய் அவளைக் கூட்டி வந்து, தன் ஸ்வெட்டரைக் கொடுத்து உட்காரவைத்தான்.

“சொல்லு.”

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உட்காரும்போது முன்னங்கால் ரொம்ப சீக்கிரம் மடங்குது.”

“இல்லையே. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?”

சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்கள்.