ஏற்றத்தில் அசையாத முள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் மாத்தளை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மூன்று மாதமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

கார் பழைய ஜப்பான் கார். சின்ன இன்ஜின், டர்போ பூட்டியது. டவுனுக்குள் சமர்த்தாக ஓடும்; நான் பஸ்ஸில் போகும் நாளில் அவர் அதில்தான் வேலைக்குப் போவார். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பாதையில் ஏற்றம் தொடங்கியதும் அதற்குப் பிசாசு பிடித்துவிடும். அக்சிலேட்டரை அழுத்த அழுத்த இழுவை விட்டுப்போய் இருமும், துள்ளும், சில வளைவுகளில் நின்றே போகும். என் பள்ளிக்கூடம் அந்த ஏற்றத்துக்கு மேலேதான். ஜனவரியில் மாற்றலாகிப் போனதிலிருந்து அங்கே பதினோராம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க நான் ஒருத்திதான். ஏழரைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேர எட்டேகால் ஆகும். அதிபர் இரண்டு தடவை எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார்.

பம்ப்பை மாற்றினோம். பில்டரை மாற்றினோம். பிளக்குகளையும் மாற்றினோம். வழக்கமாகக் காட்டும் கராஜில், நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தார்கள். பெற்றோல் அழுத்தம் சரியாக இருக்கிறது, டீச்சருக்குத்தான் கியர் போடத் தெரியவில்லை என்றார்கள். என் வீட்டுக்காரர் சுதர்ஷனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நின்ற இடத்தில் எதுதான் சரியாக இருக்காது? கோளாறு ஏற்றத்தில் வருகிறது, ஏற்றத்தில் வைத்துப் பாருங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். கேட்டால்தானே.

கடைசியில் காரை விற்பதென்று அவரே முடிவு செய்தார். வாங்குகிறவர் அவருடைய அண்ணன் சசிக்குமார், பல்லேபொலையில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோவதாகப் பேச்சு. அப்படியென்றால் நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவது என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்றார். பன்னிரண்டு வருஷம் படிப்பித்தவளிடம், கொடியில் காயும் துணியை எடு என்பதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் மெக்கானிக் பலீல் நானாவின் கராஜுக்குப் போனேன். நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அவர் நான் சொன்னதையெல்லாம் முழுசாகக் கேட்டார். பிறகு, டர்போ வேலை செய்யத் தொடங்கும்போதுதான் இழுவை விடுகிறதா என்று விசாரித்தார். மூன்று மாதத்தில் காரைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அழுகை வந்தது, அது வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

அவர் பெற்றோல் குழாயில் மீட்டரைப் பொருத்தி, நீளமான ஹோஸ் ஒன்றால் வெளியே எடுத்து, முன்கண்ணாடிக்கு வெளிப்புறம் டேப் போட்டு ஒட்டினார். உள்ளே வைத்தால் பெற்றோல் சிந்தி ஆபத்தாகிவிடும் என்றார். தானே ஓட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க ஓட்டுங்க டீச்சர். நான் முள்ளப் பாக்குறேன்."

ரத்தோட்டை கழிந்து மூன்றாவது வளைவு. அழுத்தினேன். டர்போ விசிலடித்தது, கார் இருமியது. மீட்டரின் முள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"டர்போ காத்தக் கூட்டித் தள்ளுது. அதுக்கு ஏத்த மாதிரி பெற்றோல் அழுத்தமும் ஏறணும். இங்க முள் அசையவே இல்ல. உங்க கியர்ல ஒரு பிழையும் இல்ல டீச்சர்."

பானெட்டைத் திறந்து, விரல் தடிமனில் இருந்த ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றினார். காற்று எவ்வளவு ஏறுகிறது என்று பெற்றோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகியுலேட்டருக்குத் தெரிவிப்பது இதுதானாம். வாயை வைத்து ஊதினார், போகவில்லை. கத்தியால் கிழித்தார். உள்ளே, தலையை வெட்டிய ஒரு திருகாணி, வெள்ளை டேப் சுற்றி இறுக்கி அடைக்கப்பட்டிருந்தது. நாட்டில் தட்டுப்பாடு வந்து எல்லாரும் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில், இதை அடைத்தால் பெற்றோல் மிச்சமாகும் என்று யாரோ போனில் பரப்பிவிட, நிறையப் பேர் அடைத்தார்கள் என்றார். இப்படி ஏற்கெனவே மூன்று காரில் எடுத்திருக்கிறாராம்.

புது ஹோஸ் போட்டுக் கிளம்பினோம். டர்போ விசிலடிக்க, முள்ளும் கூடவே ஏறியது. பள்ளிக்கூட வாசல் வரை கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுதர்ஷன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திருகாணியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இது என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வரிசைக் காலத்தில் அவர்தான் அடைத்தாராம், பிறகு மறந்துவிட்டாராம். பம்ப் மாற்றிய அன்றே ஞாபகம் வந்துவிட்டதாம். அதற்குள் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதால், வாயைத் திறக்க வெட்கமாக இருந்ததாம். வெட்கமாம்! வளைவுக்கு வளைவு நான் இறங்கி நிற்க, பின்னால் வந்த லொறிக்காரன்கள் ஹோர்ன் அடித்துச் சிரித்தார்கள். அதிபர் முன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கம் மட்டும் இவருக்கு வந்ததாம். அந்தச் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது.

அண்ணனுக்குப் போன் போடுங்க, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லுங்க, அடைத்தது யார் என்பதையும் உங்க வாயாலேயே சொல்லுங்க என்றேன். எனக்குக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து போட்டார்.

"அண்ணே, நாளைக்கு வர வேணாம். கார் விக்கல்ல. சரியாயிடுச்சு."

அந்தப் பக்கமிருந்து சசிக்குமாரின் குரல் தணிந்து வந்தது.

"ஏன்டா, அந்த ஆணி விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

சுதர்ஷன் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். ஆக, அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கார் பல்லேபொலைக்குப் போயிருக்கும், அங்கே ஆணி ஒரு நிமிஷத்தில் வெளியே வந்திருக்கும், நான் வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

போனைப் பிடுங்கினேன்.

"தெரிஞ்சிடுச்சு. நான்தான் பேசுறேன்."

லைன் அறுந்தது. அலுமாரியைத் திறந்து காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். காரைக் கிளப்பும் திறப்பையும் சேர்த்து என் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"சுரேகா, கொஞ்சம் கேளு" என்றார்.

"மூணு மாசம் நான் சொன்னத நீங்க கேட்டீங்களா? திங்கக்கிழமையிலேர்ந்து நான் கார்ல போறேன். நீங்க பஸ்ல போங்க."