சாக்கு அடித்த ஜன்னல்

மயானத்திலிருந்து திரும்பியவர்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கனன்றுகொண்டிருந்த கரிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்குள் நுழைந்தாள்.

"நகருங்க, நகருங்க. பச்சப்புள்ள வெறச்சுக் கெடக்கு."

பூரணியின் தம்பி மனைவி சர்மிளா, மூன்று மாதக் குழந்தையோடு சட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். இன்றிரவு அவர்கள் படுக்கப்போவது இந்த அறையில்தான். அப்பா நல்லமுத்து படுத்து, விடிந்தும் எழுந்திருக்காமல் போன அறை.

"சாவுன்னா அப்படி வரணும் மதினி," என்று பேச்சியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்காளி மொகமா அது? அன்னைக்குக் காலையில பாத்தேனே, கன்னமெல்லாம் செவந்து, புது மாப்பிள்ள கணக்கா…"

பூரணி நிமிர்ந்தாள். அவள் மலைநாட்டு லிந்துலைக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகத்தில் பவுடர் அப்பியிருந்தார்கள்; அந்தச் சிவப்பை அவள் பார்க்கவில்லை.

கடலோர நகரமொன்றின் எரிவாயுக் கிடங்கில் அவள் பாதுகாப்புப் பொறியியலாளர். எந்தக் குழாய் எங்கே கசியும், கசிந்தது எந்தப் பக்கம் பரவும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் வேலை. "ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கறதா? அப்ப நீ வேல செஞ்சியா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று அப்பா கேலி செய்வார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பலகைக் கதவின் மேல் உரச்சாக்கை இழுத்து ஆணி அடித்திருந்தது. இடுக்கிலெல்லாம் பழந்துணி.

"இத எப்பம்மா அடிச்சீங்க?"

"போன வாரம் பனி கொட்டுச்சுல்ல. நீதானே போன்ல சொன்ன, அப்பாவுக்கு நெஞ்சுச்சளி, குளிரு படாமப் பாத்துக்கங்கன்னு." அம்மா மூக்கைத் துடைத்தாள். "அவரு போன ராத்திரி நாந்தான் கரிச்சட்டிய அவரு கால்மாட்டுல வச்சு, கதவச் சாத்திட்டு, குசினியில அடுப்போரமாப் போய்ப் படுத்தேன். கடைசி ராத்திரியாச்சும் கதகதப்பாத் தூங்குனாரு. அது போதும் எனக்கு."

டாக்டர் மாரடைப்பு என்றுதான் எழுதியிருந்தார். ஒருவேளை அதுதானோ? இனிப் பரிசோதித்துப் பார்க்க எதுவும் இல்லை. ஆனால் மூடிய அறையில் கரி நெருப்பு மணமில்லாத நஞ்சைக் கக்கும். அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோகும், கன்னத்தைச் சிவக்கவும் வைக்கும். கிடங்கில் என்றால் மூன்று வரியில் அறிக்கை எழுதியிருப்பாள். இங்கே எந்த வரியைத் தொடங்கினாலும் அதன் முடிவில் அம்மா நின்றாள். கூடவே, போனில் சொன்ன அவளும்.

குழந்தை கொட்டாவி விட்டது.

பூரணி எழுந்தாள். "இந்த ஜன்னலத் தொறக்கணும்."

"லூசாக்கா நீ?" என்றான் தம்பி கிஷாந்த். "கடக்கரையில இருந்து வந்தவளுக்கு வேர்க்குதாக்கும்."

சொல்ல வேண்டியது ஒன்று. வாயிலிருந்து வந்தது வேறு.

"கருமாதி வரைக்கும் மூடக் கூடாது. அப்பா வந்துட்டுப் போக வழி வேணும். நெருப்பும் உள்ள ஆகாது. இருந்தா வர மாட்டாரு."

ஆதாரமில்லாமல் ஒரு வாக்கியம்கூட எழுதிப் பழகாதவள் அவள்.

"இதென்னடி புதுச் சாத்திரம்?" பேச்சியம்மா மோவாயில் கை வைத்தாள். "எத்தன எழவு பாத்துட்டேன், நம்ம ஆளுககிட்ட அப்படி ஒண்ணும் கெடையாதே."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கரிச்சட்டியை. சிவந்த வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த குழந்தையின் கன்னத்தை. கடைசியாகப் பூரணியின் முகத்தை. அங்கிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கு," என்றாள் அம்மா. "எங்க பொறந்த வீட்டுப் பக்கம் இருக்கு. கருமாதியோட இல்ல. அப்புறமும் மூடக் கூடாது."

அவளே எழுந்துபோய்ச் சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தாள். அது ஆணியோடு கிழிந்து வந்தது. பலகையைத் தள்ளியதும் பனிமூட்டம் அறைக்குள் இறங்கியது. கிஷாந்த் முனகிக்கொண்டே சட்டியை வெளியே கொண்டுபோனான். பூரணி தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினாள்.

பொழுது சாயும் நேரத்தில், அம்மாவின் தம்பி அழகுமுத்து குளிரில் பல் தந்தியடிக்க ஜன்னலருகே வந்தார். அதன் கீழேதான் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னாக்கா இது, நம்ம பொறந்த வீட்டுல எப்ப அப்படி ஒரு சாத்திரம்…" என்று பலகையை எட்டிப் பிடித்தார்.

அம்மா அவருடைய மணிக்கட்டைப் பற்றினாள். அவர் பலகையை விட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.