கை விழுந்த இடம்

விடியும் முன்பே தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் இயந்திரங்கள் இடிக்கத் தொடங்கிவிட்டன. தகட்டை உள்ளே தள்ளு, பொத்தானை அமுக்கு, வளைந்து வந்ததை உருவு. எண்ணெய் வாடை தொண்டையில் கசந்தது. ஒவ்வொரு இயந்திரத்திலும் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டாது. நாங்களோ இடது பொத்தானை டேப் சுற்றி ஒரேயடியாக அமுக்கி வைத்திருந்தோம். ஒரு கை அமுக்க, மறு கை தகடு தள்ளும். வேலை பறக்கும்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர், எங்கள் முதலாளிக்கு இயந்திரமும் வேலையும் தரும் வெளிநாட்டுத் தலைமைக் கம்பெனியின் இன்ஜினியர். எங்கள் எல்லோர் முன்னாலும் முதல் டேப்பைத் தன் கையாலேயே சுற்றினார். பிடிக்காதவன் வீட்டுக்குப் போகலாம் என்றார் முதலாளி. அந்த வித்தைதான் என் அண்ணனின் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோனது.

நஷ்டஈடு கேட்டோம். விபத்து உங்கள் நாட்டில் நடந்தது, அங்கேயே வழக்குப் போடுங்கள் என்று தலைமைக் கம்பெனி கைகழுவியது. அண்ணியும் நானும் முதலாளியிடம் போனோம்.

"மெஷின் அவங்களோடது. நான் கூலிக்கு ஓட்டுறவன். அவங்க நாட்டு கோர்ட்டுக்குப் போம்மா. அங்கதான் பெருசா குடுப்பாங்க."

"பஸ்ஸுல போறதுக்கே யோசிக்கிறேன். கடல் தாண்டி எப்படிங்க போறது?"

"அது என் தலைவலி இல்ல. டேப்பை ஒட்டுனது உன் புருஷன் கை."

"அந்தக் கைதான் இப்ப இல்லையே," என்றாள் அண்ணி. முதலாளி ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

அவர்கள் இங்கே போடு என்கிறார்கள், இவர் அங்கே போ என்கிறார். ஊரில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தோம்.

வக்கீலம்மா தெளிவாகச் சொன்னார். "கை விழுந்தது இங்க. பார்த்தவங்க இங்க. ரெண்டு கம்பெனி மேலயும் இங்கயே போடுவோம். எங்களுக்குச் சம்பந்தமே இல்லைன்னு வெளிநாட்டுக்காரன் சாதிப்பான். அந்த இன்ஜினியர் டேப் சுத்துனதைப் பார்த்தவங்க கூண்டேறிச் சொல்லணும். ஆள் இருக்கா?"

தேநீர் இடைவேளையில் கேட்டோம். ஆளாளுக்கு டீயை அவசரமாகக் குடித்து முடித்தார்கள். நாங்கள் 'முணுமுணுப்பு' என்று கூப்பிடும் ஃபிட்டர் மட்டும், "சாட்சி சொன்னா மறுநாளே வேலை போயிரும்," என்றார்.

அண்ணி கோபப்படவில்லை. "அவருக்குச் சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுறேன். உங்க வீட்ல யாரு போட்டுவிடுவாங்கன்னு யோசிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, தான் வேலை செய்யும் பேக்கிங் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை முணுமுணுப்பு தன் இயந்திரத்தின் முன் வந்து நின்றார். பிறகு டேப்பை உரித்தார். அடுத்தவன் உரித்தான். நானும் உரித்தேன். கூடம் முழுக்க டேப் கிழியும் சத்தம். இரண்டு கைகளாலும் அமுக்கினோம், வேகம் பாதியானது.

முதலாளி ஓடி வந்தார். "யார்ரா எடுத்தது? மறுபடி சுத்துங்கடா."

"சுத்தச் சொன்னது யாருன்னு கோர்ட்டுல கேப்பாங்க முதலாளி," என்றார் முணுமுணுப்பு. "இப்ப நீங்க சொன்னதையும் சேர்த்தே சொல்லிடுறோம்."

"நாளைக்கு ஒருத்தனும் உள்ள வர மாட்டீங்க."

"வராட்டி வக்கீலம்மா வீட்டுல இருப்போம். எல்லாருமா."

வழக்கு இன்னும் போடப்படவில்லை. நாளை கேட் திறக்குமா என்றும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் இரண்டு கைகளும் பொத்தான்களின் மேல் இருந்தன. பக்கத்து இயந்திரத்திலும் இரண்டு கைகள். சேர்த்து அமுக்கினோம்.