ராசப்பன் வீட்டு வாக்குச்சாவடி

இந்திய மக்களாட்சி நான்கு தூண்களின் மேல் நிற்கிறது. திருப்பூர் மங்கலம் ரோட்டுக்கு வரும்போது மட்டும் அது மகுடேஸ்வரனின் லைன் வீட்டுச் சுவரில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும். அப்படித்தான் மகுடேஸ்வரன் நம்பினார். வரிசையாகக் கட்டிவிட்ட அந்த ஒற்றை அறைகளில் இருப்பவர்கள் அவருடைய பனியன் கம்பெனியில் தைப்பவர்கள், செக்கிங் பார்ப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தார். தேர்தல் என்றால் கட்சிக்காரர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். "நம்ம லைன் ஓட்டு எங்கீங்க போயிரும்?" என்பார். அவர்களும் இளநீரைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள்.

கடைசி அறையில் ராசப்பன் கிடந்தான். மகுடேஸ்வரனின் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவன். அவனிடம் வாடகை வாங்குவதில்லை. அதை மகுடேஸ்வரன் யாரிடமும் சொல்லிக்காட்ட மாட்டார். கேட்காதவர்களிடம் மட்டும் சொல்வார். நடக்க முடியாதவர்கள் விண்ணப்பித்தால் அரசாங்கமே வீடு தேடி வந்து ஓட்டு வாங்கும் என்று இப்போது ஏற்பாடு இருக்கிறது. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ராசப்பன் விண்ணப்பித்திருந்தான் என்பது, அன்று காலை ஜீப் வந்து நின்றபோதுதான் மகுடேஸ்வரனுக்குத் தெரிந்தது. கொடியில் கிடந்த பனியனைத் தலைவழியே மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஜீப்பிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை பிரிசில்லா இறங்கினார். இந்தக் குழுவுக்கு அவர்தான் அதிகாரி. பின்னால் ஓர் உதவி அலுவலர், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர். படுத்துக் கிடக்கும் ஒருவனின் ஓட்டுக்கு ஒரு ஜீப் நிறைய அரசாங்கம்! மகுடேஸ்வரனுக்கு நிஜமாகவே புல்லரித்தது. தன் காம்பவுண்டுக்குள் அல்லவா வந்திருக்கிறது! வீடியோவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வழிகாட்டினார். வாசல்களில் நின்ற செக்கிங் பெண்கள் அவர் கடந்து போனதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு சிக்கல். ஓட்டுப் போடுகிறவரை மறைக்கும் அட்டை ஜீப் குலுக்கலில் மடிப்போடு கிழிந்திருந்தது. "திருப்பூருல அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமுங்களா?" என்று மகுடேஸ்வரன் கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். பெட்டியின் மேல் கம்பெனி அடையாளமான பெரிய கிரீடம், அதன் கீழே அவர் பெயர். ராசப்பன் அந்தக் கிரீடத்தைப் பார்த்துக்கொண்டே முத்திரை குத்துவதை நினைக்க அவருக்கு இனித்தது. பிரிசில்லா பெட்டியை ஒரு கணம் பார்த்தார். டேப் கேட்டார். ஒட்டைப் பிரித்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினார். உள்ளே போன கிரீடத்தின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டினார்.

"ஓட்டுப் போடற எடத்துல யார் பேரும் இருக்கக்கூடாதுங்க சார்."

"அது சரிங்க" என்றபடி மகுடேஸ்வரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "முடியாதவனுங்க. நானே போட்டு உட்டர்றனுங்க."

பிரிசில்லா கட்டிலின் மறுபக்கம் போனார். ராசப்பன் பக்கம் குனிந்தார். "அண்ணா, நீங்களே முத்திரை வெச்சுக்குவீங்களா?"

ராசப்பன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். "காலுதானுங்க டீச்சர் போச்சு. கை இருக்குதுங்களே."

"அப்ப நீங்க வெளிய இருங்க சார்."

"நானுங்களா? இது என்ற ஊடுங்க!"

"இருக்கட்டுங்க. அண்ணன் ஓட்டுப் போட்டு முடிக்கற வரைக்கும் இது வாக்குச்சாவடி." அவர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் எழுந்து நிற்கிற பையனை உட்காரச் சொல்லும் குரல்தான். மகுடேஸ்வரனின் கால்கள் அவரைக் கேட்காமலே வெளியே வந்து வெயிலில் நின்றன. போலீஸ்காரர் நிலைப்படியில் நின்றுகொண்டார். வீடியோக்காரரும் வெளியே அனுப்பப்பட்டார்.

ஜன்னல் திறந்திருந்தது. "ராசப்பா, நம்ம சின்னம் நெனப்பிருக்குதல்ல?"

"சார்..." என்றார் போலீஸ்காரர்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருக்குதுங்க மொதலாளி. மரத்துலிருந்து உழுந்தது, ஆஸ்பத்திரிக்கு யாரு வந்தாங்க, யாரு வரலீங்கறது, எல்லாம் நெனப்பிருக்குதுங்க."

எட்டிப் பார்த்த மகுடேஸ்வரன் தன் வாழ்நாளில் பார்த்திராத ஒன்றைப் பார்த்தார். அட்டைக்குப் பின்னால் ராசப்பன். இந்தப் பக்கம் பிரிசில்லாவும் உதவி அலுவலரும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். சுவரில் ஒரு பழைய காலண்டர் ஆணியைத் தவிர வேறெதுவும் இல்லை. வரி போடுகிற, கரண்ட்டைப் பிடுங்குகிற, சாயப்பட்டறைக்கு சீல் வைக்கிற அத்தனை பெரிய அரசாங்கம், ஒருத்தன் கை எங்கே போகிறது என்று பார்க்கக்கூடாதென்று ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ராசப்பன் அவசரப்படவில்லை. யாரும் அவனை அவசரப்படுத்தவும் இல்லை. மகுடேஸ்வரன் தன்னையறியாமல் ஜன்னலை விட்டு விலகி நின்றார்.

ஓட்டுச்சீட்டைப் போட்ட உறை ஒட்டப்பட்டது. ஜீப் கிளம்பியது. மகுடேஸ்வரன் உள்ளே போனார். "ஏப்பா, யாருக்குப் போட்டே?"

"டீச்சரே கேக்கலீங்களே மொதலாளி" என்றான் ராசப்பன். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

வீட்டில் மனைவி செல்லாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகுடேஸ்வரன் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "ஏம்புள்ள செல்லா, நம்ம ரெண்டு பேரு ஓட்டும் எப்பவும் ஒண்ணுதானே?" என்றார்.

"உங்க ஓட்டு ஊருக்கே தெரியுமுங்க."

"உன்றது?"

அவள் ஒரு இணுக்கை உருவி முடித்தாள். "அதுக்குத்தானுங்க அட்டை வெச்சிருக்காங்க."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கடைசி அறை வாசலில் அந்தப் பெட்டி, எழுத்தில்லாத பக்கத்தைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றது. செக்கிங் பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து அவர் பனியனை உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். பின்கழுத்து லேபிளில் இருந்த கிரீடமும் பெயரும் அரசாங்க வீடியோவில் பதிவாகியிருந்தன.