வெள்ளை அலகு

சஸ்குவெஹானா ஆறு விரிகுடாவில் கலக்கும் எங்கள் ஊரில் ஆண்கள் வாத்து சுடுவார்கள். பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறங்க வைக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் மரப் பொய்வாத்துகளுக்கு மறுபடி வண்ணம் பூசுவது எங்கள் வீட்டில் நான். போன பருவத்துக் குண்டு துளைத்த ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, உடம்புக்கு வெள்ளை, தலைக்குச் செம்பழுப்பு, மார்புக்கும் அலகுக்கும் கறுப்பு. நூற்றுக்கணக்கில் பூசுவேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அலகை வெள்ளையாக்கி வைப்பேன்.

காரணம் இருக்கிறது. என் புருஷன் ஹார்லன் சவப்பெட்டி மாதிரி ஒரு மிதவைப் பெட்டியில் மல்லாந்து படுத்துத்தான் சுடுவான். வாத்துகளின் கண்ணில் படாமல் இருக்க, விளிம்புப் பலகைகளில் இரும்பு வாத்துகளை ஏற்றி, தண்ணீர் மட்டத்துக்கு அதை அமிழ்த்துவோம். சுற்றிலும் மரவாத்துகள் தத்தம் நங்கூரக் கயிற்றில் மிதக்கும். வெள்ளை அலகின் கயிறு மட்டும் பெட்டியின் கால்மாட்டு வளையத்துக்குப் போகும். பனிமூட்டம் வந்தால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் போய் ஆளை எடுக்க வேண்டும். துடுப்புப் படகில் தள்ளி நின்று காத்திருந்து அவனை எடுப்பது என் வேலை.

அந்த வருஷம் படகுத்துறையில் ரூஃபஸ் அந்த வெள்ளை அலகைப் பார்த்துவிட்டான். அவனும் வாத்து சுடுகிறவன்தான்.

"டேய் ஹார்லன், உன் பொண்டாட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இது என்ன வாத்தா, மூக்குல மாவு பூசின பாதிரியா?"

துறையே சிரித்தது. ஹார்லனுக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, அத்தோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் இருட்டிலேயே வாத்துகளை இறக்கினோம். பெட்டியை ஒட்டியவற்றை எப்போதும்போல ஹார்லனே கட்டினான். நான் படகை விலக்கிக்கொண்டேன். காலை ஏறியதும் தெற்கிலிருந்து மூட்டம் வந்தது, பின்னாலேயே காற்று. படகின் நுனிகூடத் தெரியவில்லை. அலை தட்ட ஆரம்பித்தது. அந்தப் பெட்டி அலை தாங்காது. ஹார்லனுக்கு நீச்சல் தெரியாது, காலில் இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ் வேறு. துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. வா என்று அர்த்தம்.

துடுப்பை வலித்தேன். மூட்டத்துக்குள் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"ஆக்னஸ்! தண்ணி உள்ள வருதுடி!"

"எங்க இருக்கே?"

"இங்கதான்டி!"

"இங்கன்னா எங்கய்யா? கத்திக்கிட்டே இரு!"

தொப், தொப் என்று விழும் சத்தம். பெட்டியை லேசாக்க இரும்பு வாத்துகளைத் தூக்கிப் போடுகிறான் என்று தெரிந்தது. "எல்லாத்தையும் போட்டுட்டேன்" என்று அவன் குரல். அது தீர்ந்தால் எறிய வேறு ஒன்றும் கிடையாது. பிறகு சத்தமே இல்லை.

மரவாத்துகள் படகில் இடிக்க ஆரம்பித்தன. குனிந்து குனிந்து பார்த்தேன். கறுப்பு அலகு. கறுப்பு அலகு. இதுவும் கறுப்பு. வெள்ளை எங்கே போய்த் தொலைந்தது? கயிறு அறுந்திருந்தால் பெட்டியும் போயிற்று, ஆளும் போயிற்று. கடவுளே, இவனை எடுத்துக்கொண்டு போகாதே என்று சத்தமாகவே அழுதேன். கைக்கு எட்டியதையெல்லாம் பிடித்துக் கயிற்றை இழுத்தேன். ஒவ்வொன்றிலும் ஈய நங்கூரம்தான் ஏறி வந்தது.

அடுத்ததைப் பிடித்தபோது அலகு உள்ளங்கையில் ஒட்டியது. கையைப் பார்த்தேன், கரேல் என்று இருந்தது.

விளக்குப் புகைக்கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த கறுப்பு லேசில் காயாது. நான் பூசியது செப்டம்பரில், எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. இதற்கு நேற்றுத்தான் யாரோ பூசியிருக்கிறார்கள். யாரென்று கேட்கவும் வேண்டுமா! பாவி மனுஷன்!

அதன் கயிற்றை இழுத்தேன். நங்கூரம் வரவில்லை, கயிறு தண்ணீரின் மேல் விறைத்து நின்றது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தபடி போனேன். பெட்டியில் தண்ணீர் விளிம்பு வரை. ஹார்லன் பலகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம், தாடை அடித்துக்கொண்டதில் கத்த முடியவில்லை. காலரைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டேன்.

"ரூஃபஸ் சிரிச்சான்ல..." என்றான் பல் நடுங்க. "அதான்... நேத்து சாயங்காலம்... லேசா ஒரு தடவ..."

பளார் என்று ஒன்று வைத்தேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மூட்டம் கலைந்து கரை சேர்ந்தபோது ரூஃபஸ் துறையில் நின்றிருந்தான். ஹார்லன் கன்னத்தில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"என்னடா கன்னத்துல?"

"வாத்து கொத்திடுச்சு" என்றான் ஹார்லன்.

ரூஃபஸ் வாத்தின் அலகைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. குனிந்து எங்கள் படகுக் கயிற்றை அவனே துறையில் கட்டினான்.